பெர்லின் நகரத்துக் காகிதங்கள்

பெர்லின் நகரத்தின் ஷோனபெர்க் வட்டாரத்தில், கிளைஸ்ட் பூங்காவின் மரங்களுக்குப் பின்னே, பிரஷ்ய ராஜ்யத்தின் உயர்நீதிமன்றத்துக்கென எழுப்பப்பட்ட, ஐந்நூறுக்கும் மேற்பட்ட அறைகளையுடைய கல்மாளிகை ஒன்று நிற்கிறது. 1944-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஹிட்லரைக் கொல்ல முயன்ற சேனாதிபதிகளை இதன் பெரிய மண்டபத்தில்தான் நிறுத்தி, வசைமாரி பொழிந்து, தூக்குக்கு அனுப்பினார்கள். யுத்தம் முடிந்ததும், வென்ற நான்கு வல்லரசுகள் தோற்ற ஜெர்மனியை ஆள்வதற்கென அமைத்த கட்டுப்பாட்டுக் கவுன்சில் அதே மாளிகையில் கூடிற்று. மூன்றாண்டுக்குள் அவர்களிடையே விரோதம் முற்றி, 1948 மார்ச் 20-ஆம் தேதி சோவியத் பிரதிநிதியான மார்ஷல் சொகோலோவ்ஸ்கி எழுந்து வெளியேறிய பின் மண்டபம் வெறிச்சோடியது. ஆயினும் சில அறைகளில் மட்டும் விளக்கு அணையவில்லை. பெர்லினுக்கு வந்துபோகும் விமானங்களின் பாதையைக் கண்காணிக்கும் சிறிய அலுவலகம் ஒன்று அங்கே இருந்தது. அதில் அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்ய அதிகாரிகள் இரவும் பகலும் முறைவைத்து ஒரே இடத்தில் அமர்ந்து, வெளியே அவர்களுடைய அரசாங்கங்கள் ஒன்றையொன்று அழிப்பதற்கான ஆயுதங்களைக் குவித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், விமானங்களின் விவரம் எழுதிய சீட்டுகளைக் கைமாற்றிக்கொண்டு, 1990 வரை வேலை பார்த்தார்கள்.

முதலாளித்துவ நாடுகளுக்கும் பொதுவுடைமை நாடுகளுக்கும் நடந்த அந்த நெடும் போட்டியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ராக்கெட்டுகளையும் அணுகுண்டுகளையும் எண்ணிக் கணக்குச் சொல்கிறார்கள். அது தேவையான கணக்குதான். ஆனால் இரு தரப்புச் சேனைகளும் ஒன்றையொன்று முகத்துக்கு முகம் பார்த்து நின்ற இந்த ஒரு நகரத்தில், நாற்பத்தைந்து ஆண்டுகளும் போட்டி நடந்த விதத்தைக் கவனித்தால், பீரங்கி பேசிய சந்தர்ப்பங்கள் மிகச் சில என்பதும், வரைபடம், ரூபாய் நோட்டைப் போன்ற பணத்தாள், பங்கீட்டு அட்டை, அனுமதிச் சீட்டு, அதன்மேல் குத்தும் ரப்பர் முத்திரை ஆகியவற்றைக் கொண்டே அது ஏறக்குறைய முழுவதும் நடத்தப்பட்டது என்பதும் விளங்கும். காகிதம் என்று சொல்வதனால் நான் அதைச் சிறியதாக எண்ணவில்லை. தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதா வேண்டாமா என்பதை அந்த நகரத்தில் தீர்மானித்தது காகிதமே.

முதற் காகிதம் லண்டனில் தயாராயிற்று. 1944 செப்டம்பர் 12-ஆம் தேதி, ஜெர்மனியில் யுத்தம் இன்னும் மும்முரமாக நடந்துகொண்டிருக்கையிலேயே, பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் யூனியன் ஆகிய மூன்றின் பிரதிநிதிகளும் அமர்ந்து, வெற்றிக்குப்பின் ஜெர்மனியை எவ்வாறு பங்கிட்டு ஆள்வது என்று ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். நாட்டை மண்டலங்களாகப் பிரித்ததோடு, தலைநகரத்தைத் தனியாக எடுத்து, அதையும் பகுதிகளாகப் பிரித்தார்கள். பிற்பாடு பிரான்ஸுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. நகரத்தின் எல்லையாக அவர்கள் கொண்டது 1920-ஆம் ஆண்டில் பெரும் பெர்லின் மாநகரம் அமைக்கப்பட்டபோது வகுத்த பழைய பேட்டை எல்லைகளை. எந்தத் தெரு எந்தப் பேட்டையைச் சேர்ந்தது என்று குப்பை அள்ளுவதற்கும் வரி வசூலிப்பதற்குமாக நகரசபை எழுத்தர்கள் போட்ட கோடுகளின் மேலேயே, பதினேழு ஆண்டுகள் கழித்துச் சுவர் எழும்பப்போகிறதென்று லண்டனில் இருந்த எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். நகரமோ சோவியத் மண்டலத்துக்கு உள்ளே, மேற்கு எல்லையிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் கிடந்தது.

அங்கே போவதற்கு வழி? இங்கேதான் சரித்திரம் ஒரு விசித்திரமான பிழையின்மேல் காலூன்றி நிற்கிறது. 1945 ஜூன் 29-ஆம் தேதி பெர்லினில் சோவியத் மார்ஷல் ஜூக்கோவைச் சந்தித்த அமெரிக்க ஜெனரல் லூஷியஸ் கிளே, சாலைவழி, ரயில்வழி ஆகியவற்றைப் பற்றி வாய்மொழியாகப் பேசி ஒப்புக்கொண்டாரேயன்றி எழுதி வாங்கவில்லை. எழுதினால் அந்த ஒரு வழிக்கே கட்டுப்பட்டுவிடுவோம், எழுதாமலிருந்தால் எல்லா வழிகளிலும் உரிமை கோரலாம் என்பது அவருடைய எண்ணம். அது தவறாகப் போயிற்றென்று பின்னால் தம் நினைவு நூலில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகாய வழிக்கு மட்டும், விமானங்கள் மோதிக்கொள்ளக்கூடாதே என்ற கவலையினால், அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் தேதி முறையாகத் தீர்மானம் எழுதினார்கள். ஹாம்பர்க், ஹனோவர், ஃபிராங்க்ஃபர்ட் ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் பெர்லினுக்கு இருபது மைல் அகலமுள்ள மூன்று விண்பாதைகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் வழக்கு; பெர்லினிலோ மண்ணில் கண்முன்னே கிடந்த சாலைகளெல்லாம் உதவாமற்போய், ஏட்டில் எழுதிவைத்த அந்த ஆகாயச் சுரைக்காய்தான் இருபது லட்சம் ஜனங்களின் அடுப்பில் ஏறிற்று.

அது நேர்ந்த காரணமும் ஒரு காகிதந்தான். யுத்தத்துக்குப் பின் ஜெர்மனியின் பழைய ரெய்ஷ்மார்க் மதிப்பிழந்து, சிகரெட்டே நாணயமாகப் புழங்கிற்று. மூன்று மேற்கு மண்டலங்களுக்கும் புதிய பணம் வேண்டுமென்று முடிவு செய்து, அமெரிக்காவில் இரகசியமாக அச்சடித்துக் கப்பலில் கொண்டுவந்த டாய்ச்சமார்க் நோட்டுகளை 1948 ஜூன் 20-ஆம் தேதி புழக்கத்தில் விட்டார்கள். மதிப்பிழந்த பழைய நோட்டுகள் அனைத்தும் வெள்ளம்போல் கிழக்கு மண்டலத்துக்குப் பாயும் அபாயத்தைக் கண்ட சோவியத் நிர்வாகம், தன் மண்டலத்துக்கும் பெர்லின் முழுவதுக்குமாக வேறொரு பணத்தை அறிவித்தது. அச்சடிக்க அவகாசம் இல்லாமையால், பழைய நோட்டின்மேல் ஒரு சிறு வில்லையை ஒட்டி, அதையே புதுப்பணம் என்றார்கள். ஜனங்கள் அதற்குச் சுவர்க்காகிதப் பணமென்று பெயரிட்டார்கள். மேற்கத்தியரோ தங்கள் மூன்று பகுதிகளுக்கும் ‘பி’ என்ற எழுத்து முத்திரை குத்திய டாய்ச்சமார்க்கைக் கொண்டுவந்தார்கள். ஒரு நகரம், ஒரு டிராம் வண்டி, ஒரே கசாப்புக்கடை. ஒருவர் கையில் வில்லை ஒட்டிய நோட்டு, மற்றவர் கையில் எழுத்துக் குத்திய நோட்டு. ஜூன் 24-ஆம் தேதி ரயில், சாலை, கால்வாய் மூன்றும் நின்றன. பழுது பார்ப்பதற்காக என்று காரணம் கூறப்பட்டது. கிழக்குப் பகுதியின் மின்நிலையங்களிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது.

மேற்கத்தியரிடம் இருந்தவை இரண்டு வழிகள்: பீரங்கி வண்டிகளோடு சாலையை உடைத்துக்கொண்டு போவது, அல்லது நகரத்தைக் கைவிடுவது. கிளே முதலாவதை யோசித்தவர். ஆனால் எழுதியிருந்த மூன்றாவது வழி ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. ஜூன் 26-ஆம் தேதி தொடங்கி, முதலில் தட்டுத்தடுமாறி, பிறகு ஜெனரல் டன்னர் என்ற, கடிகாரத்தைத் தெய்வமாக வழிபட்ட ஒரு மனிதரின் நிர்வாகத்தில், விமானங்கள் அந்த மூன்று பாதைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிஷ இடைவெளியில் வரலாயின. இறங்கத் தவறிய விமானம் மறுமுறை வட்டமிட்டு முயலக்கூடாது, சுமையோடு திரும்பிப் போய்விட வேண்டும் என்பது அவர் இட்ட விதி. டெம்பல்ஹோஃப், காடோ ஆகிய இரு நிலையங்களும் போதாமற்போகவே, டேகல் என்ற இடத்தில் பெர்லின் மக்கள், அவர்களில் பாதிப்பேர் பெண்கள், குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல்லை உடைத்துப் பரப்பி மூன்றே மாதத்தில் புதிய ஓடுபாதை அமைத்தார்கள். மாவும், உலர்த்திய உருளைக்கிழங்கும், பால்மாவும் வந்தன; சுமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. உப்பு விமானத்தின் உலோகத்தை அரித்துவிடுமென்பதால், கடல்நீரைத் தாங்கும்படி கட்டப்பட்ட பிரிட்டிஷ் நீர்விமானங்கள் அதை ஏற்றிக்கொண்டு வந்து ஹாஃபல் ஏரியில் இறங்கின. ஹால்வர்சன் என்ற அமெரிக்க விமானி, வேலியோரம் நின்ற குழந்தைகளுக்குக் கைக்குட்டைகளில் மிட்டாயைக் கட்டி ஆகாயத்திலிருந்து மிதக்கவிட்டார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. மூன்றாண்டுக்குமுன் குண்டு வீசிய அதே இரைச்சலை, அந்த நகரத்துக் குழந்தைகள் கழுத்தை நிமிர்த்தி ஆவலோடு எதிர்பார்க்கத் தொடங்கியதை நினைக்கும்போது என் நெஞ்சு நெகிழ்கிறது.

1949 ஏப்ரல் 16-ஆம் தேதி, ஈஸ்டருக்கு முன்தினம், இருபத்துநான்கு மணி நேரத்தில் 1,398 விமானங்கள் ஏறக்குறைய 13,000 டன் சரக்கை இறக்கின. மொத்தத்தில் சுமார் 2,78,000 பயணங்கள். 23 லட்சம் டன்னுக்கு மேல். இதில் உயிரிழந்த பிரிட்டிஷார் 39 பேர், அமெரிக்கர் 31 பேர். இவர்களைத் தவிர ஜெர்மானியத் தொழிலாளரும் மாண்டனர்.

இந்த எண்களுக்கு அப்பால் நான் வியப்பது ஜனங்களின் உறுதியைத்தான். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் மின்சாரம், அதுவும் சில பேட்டைகளுக்கு நடுநிசியில். பெண்கள் அந்நேரத்தில் எழுந்து சமைத்தார்கள், துணிக்குப் பெட்டி போட்டார்கள். கிழக்குப் பகுதிக்கு வந்து பங்கீட்டு அட்டைக்குப் பெயர் பதிந்துகொள்கிறவர்களுக்குத் தானியமும் நிலக்கரியும் தருவோம் என்று சோவியத் நிர்வாகம் அழைத்தது. மிகச் சிலரே போனார்கள். ஓர் அட்டையை வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் வாக்களிப்பதற்குச் சமமாக இருந்த காலம் அது. ஒரு காலத்தில் லெனினுடைய நம்பிக்கைக்குப் பாத்திரமாகி, வோல்கா ஜெர்மானியரிடையே அதிகாரியாயிருந்து, பிறகு பொதுவுடைமைக் கட்சியைத் துறந்த பெர்லின் அரசியல் தலைவர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர், இடிந்த பார்லிமெண்ட் கட்டடத்தின் முன் லட்சக்கணக்கான மக்களிடம், உலக நாடுகள் இந்த நகரத்தைக் கண்கொண்டு பார்க்கட்டும் என்று முறையிட்டதும் அந்த 1948 செப்டம்பரில்தான். மேற்கு ஜெர்மனியிலோ அனுப்பும் கடிதம் ஒவ்வொன்றிலும் பெர்லினுக்கான தியாகவரி என்று இரண்டு பெனிங் பெறுமானமுள்ள ஒரு சிறு நீலநிறத் தபால்தலையை ஒட்டவேண்டுமென்று சட்டம் வந்து, முற்றுகை நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்தும், 1956 வரை நீடித்தது. 1949 மே 12-ஆம் தேதி நள்ளிரவு கழிந்து ஒரு நிமிஷத்தில் வழிகள் திறந்தன.

சோவியத் தரப்பின் மனத்தையும் இவ்விடத்தில் அறிந்துகொள்வது நியாயம். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பிரஜைகளை அந்த யுத்தத்தில் பலிகொடுத்த நாடு அது. ஜெர்மனி மறுபடியும் ஆயுதம் எடுக்குமோ என்ற அச்சம் அவர்களுடைய எலும்பில் ஊறியிருந்தது. பட்டினியைக் கருவியாக்கியதை அந்த அச்சம் நியாயப்படுத்தாது. ஆயினும் பிந்திய சம்பவங்களின் ஊற்றுக்கண் அதுவே. முற்றுகை இன்னும் நீடித்திருக்கையிலேயே, 1949 ஏப்ரல் 4-ஆம் தேதி வாஷிங்டனில் பன்னிரண்டு நாடுகள் கூடி வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. அதன் ஆறாம் ஷரத்து, ஐரோப்பாவில் உள்ள ஆக்கிரமிப்புச் சேனைகளின்மேல் விழும் தாக்குதலையும் அனைவர்மேலும் விழுந்த தாக்குதலாகக் கொள்ளும் என்றது. மேற்கு பெர்லினில் இருந்த பத்தாயிரத்துச் சொச்சம் வீரர்களின் கவசம் அந்த ஒரு வாக்கியந்தான், ஏனெனில் சுற்றிலும் நின்ற சோவியத் சேனையோ பல லட்சம். 1955 மே மாதத்தில் மேற்கு ஜெர்மனி அந்த அமைப்பில் சேர, அதே மாதம் 14-ஆம் தேதி சோவியத் யூனியனும் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஏழும் வார்சாவில் தம் பரஸ்பர உதவி உடன்படிக்கையை எழுதின. ஒரே மொழி பேசுவோர் இரண்டு உடன்படிக்கைகளின் எதிரெதிர்ப் பக்கங்களில் சேனாவீரர்களாகப் பதிவானார்கள். மேற்கு பெர்லின் வாலிபர்கள் மட்டும் இரண்டிலும் சேராதவர்கள். சட்டப்படி அந்த நகரம் மேற்கு ஜெர்மனியின் அங்கமல்ல என்பதால் அவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை கிடையாது. அவர்கள் சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டைக்கும் ‘தற்காலிக’ அட்டை என்றே பெயர்; ஜெர்மன் குடியரசின் கழுகுச் சின்னம் அதில் இல்லை. அந்தத் தற்காலிகம் நாற்பது ஆண்டு நீடித்தது.

கிழக்கிலிருந்து மேற்கே போக விரும்பியவர்களுக்கு அந்நாளில் பெர்லினே வாசல். நாட்டின் நெடிய எல்லையை 1952-இலேயே முள்வேலியிட்டு அடைத்துவிட்டார்கள். நகரத்துக்குள்ளோ நகர ரயிலில் ஒரு சீட்டு வாங்கி ஏறினால் போதும். பெரிய பெட்டி தூக்கினால் காவலர் சந்தேகிப்பார்களென்று, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று உடைகளை அணிந்துகொண்டு, கையில் ஒன்றுமில்லாமல், குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1949 முதல் 1961 வரை அவ்வாறு கிழக்கு ஜெர்மனியைவிட்டு வெளியேறியோர் ஏறத்தாழ 27 லட்சம் பேர். வைத்தியர்களும் ஆசிரியர்களும் பொறியியலாளரும் அவர்களில் பலர். மரியன்ஃபெல்டே என்ற இடத்தில் 1953-இல் திறந்த முகாமில் அவர்கள் கையில் முதலில் ஒரு நடைச்சீட்டைத் தருவார்கள். வைத்தியப் பரிசோதனை, பொறுப்புத் துறை, உளவுத் துறையினரின் விசாரணை, இறுதியில் அனுமதிக் குழு என்று ஒவ்வொரு வாசலாக ஏறியிறங்கிப் பன்னிரண்டு முத்திரை வரை வாங்கினால்தான் சுதந்திர உலகத்தின் பிரஜை என்று ஒப்புவார்கள். எல்லாவற்றையும் விட்டுவந்தவனுக்கு அந்தச் சீட்டே ஆஸ்தி.

1958 நவம்பர் 27-ஆம் தேதி சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஆறு மாதத் தவணை கொடுத்தார். மேற்குச் சேனைகள் பெர்லினைவிட்டு நீங்கி அதைச் சுதந்திர நகரமாக விடவேண்டும். இல்லையேல் வழிகளின் அதிகாரத்தைக் கிழக்கு ஜெர்மனியிடம் ஒப்படைத்துவிடுவேன் என்றார். அதன் பொருள் என்னவென்று வாஷிங்டனிலும் லண்டனிலும் நடந்த ஆலோசனைகளைப் படித்தால் திகைப்பு உண்டாகிறது. சோதனைச் சாவடியில் பயணப் பத்திரத்தின்மேல் முத்திரை குத்துகிறவன் ரஷ்யச் சிப்பாயா, கிழக்கு ஜெர்மானியனா? இரண்டாமவன் குத்தினால் அந்த அரசாங்கத்தை அங்கீகரித்ததாக ஆகுமா? ஆகுமென்றால் அதைத் தடுக்க யுத்தத்துக்குப் போகலாமா? அந்த ஜெர்மானியனை ரஷ்யனுடைய ஏஜெண்டாகப் பாவித்துக்கொள்ளலாமே என்று அமெரிக்க வெளிநாட்டு மந்திரி டல்லஸ் ஒரு யோசனை கூற, அது மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரத்தில் பெருங்கலக்கத்தை உண்டாக்கிற்று. அணுகுண்டுகளின் விசை, ஒரு ரப்பர் முத்திரையின் பிடியில் வந்து பொருந்தியிருந்தது.

தவணைகள் கழிந்தன, ஜனங்கள் வெளியேறுவது நிற்கவில்லை. 1961 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் முள்கம்பிச் சுருள்கள் தெருக்களின் குறுக்கே விரிந்தன. சில நாட்களில் செங்கல்லும் காங்கிரீட்டும் வந்தன. பெர்னவர் தெருவில் வீடுகள் கிழக்கைச் சேர்ந்தவை, வாசற்படிக்கு எதிரே நடைபாதை மேற்கைச் சேர்ந்தது. சன்னல்களைக் கல்வைத்து மூடுமுன் ஜனங்கள் மாடிகளிலிருந்து குதித்தார்கள், சிலர் உயிரிழந்தார்கள். மேற்கு பெர்லினைச் சுற்றி வளைத்த அந்த அரணின் நீளம் 155 கிலோமீட்டர். மேற்கு நாடுகள் கண்டனக் கடிதம் அனுப்பின. அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. சுவர் எழுந்தது தம் பகுதிக்குள் அல்ல என்பதும், யுத்தத்தைவிடச் சுவர் மேல் என்பதும் அவர்களுடைய கணக்கு. ராஜதந்திர நோக்கில் அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். ஓராண்டு கழித்து, 1962 ஆகஸ்ட் 17-ஆம் தேதி, பதினெட்டு வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவன் சுவரேறும்போது சுடப்பட்டு, அதன் அடியிலே விழுந்து, இருபக்கமும் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவரும் அணுகத் துணியாமல், ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலறி ரத்தம் வடிந்து இறந்தான். அந்தக் கணக்கில் அவனை எந்தப் பத்தியில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. சுவரடியில் மாண்டவர்கள் குறைந்தது 140 பேர்.

பீரங்கிகள் நேருக்குநேர் நின்ற அந்த ஒரு சம்பவத்துக்கும் காகிதமே காரணம். சுவர் எழுந்த பத்தாவது வாரத்தில், அக்டோபர் 22-ஆம் தேதி மாலை, அமெரிக்கத் தூதுக்குழுவின் உயர் அதிகாரி ஒருவர் மனைவியுடன் கிழக்கு பெர்லினில் நாடகம் பார்க்கப் புறப்பட்டார். ஃபிரீட்ரிஷ் தெருவின் சோதனைச் சாவடியில் கிழக்கு ஜெர்மன் காவலர் அடையாளப் பத்திரத்தைக் காட்டச் சொன்னார்கள். நான்கு வல்லரசுகளின் அதிகாரிகள் காட்டத் தேவையில்லை என்பது பழைய வழக்கம். அவர் மறுத்தார். அப்போது ஜனாதிபதி கென்னடியின் பிரதிநிதியாகப் பெர்லினுக்குத் திரும்பி வந்திருந்தவர் யார் என்றால், பதினாறு ஆண்டுகளுக்குமுன் வழியுரிமையை எழுதி வாங்காமல் விட்ட அதே ஜெனரல் கிளே. இம்முறை அணுவளவும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அவர் உறுதிகொண்டிருந்ததில் வியப்பில்லை. ஆயுதந்தாங்கிய வீரர்களின் துணையோடு வண்டிகளை அனுப்பினார், டாங்கிகளை நிறுத்தினார். 27-ஆம் தேதி மாலை சோவியத் டாங்கிகள் பத்து எதிரே வந்து நின்றன. நூறு கஜத்துக்குள் குழாய்கள் ஒன்றையொன்று பார்த்தபடி ஓர் இரவு முழுதும் கழிந்து, கென்னடியும் குருஷ்சேவும் மறைமுகமாகச் செய்தி பரிமாறிக்கொண்டபின், மறுநாள் முற்பகலில் சோவியத் டாங்கி ஒன்று சில அடி பின்னால் நகர்ந்தது. அமெரிக்க டாங்கி ஒன்றும் நகர்ந்தது. அவ்வாறே ஒவ்வொன்றாக விலகின.

இந்த வரலாறு முழுவதிலும் என் மனம் அடிக்கடி சென்று தங்குவது 1963-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸில்தான். சுவர் எழுந்து இருபத்தெட்டு மாதம். மேற்கு பெர்லின் மக்கள் கிழக்கிலிருந்த பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மேயர் வில்லி பிராண்டின் ஆட்கள் கிழக்கு அதிகாரிகளோடு ஒரு வாரம் இடைவிடாமல் பேசி, டிசம்பர் 17-ஆம் தேதி ஓர் ஏற்பாட்டில் கையொப்பமிட்டார்கள். கையொப்பமிடுவதிலேதான் எத்தனை இடர்ப்பாடு! நகரத்தின் பெயரையே இரு தரப்பும் வெவ்வேறாக எழுதினார்கள். ஓர் அரசாங்கத்தை மற்றொன்று ஒப்பவில்லை. ஆகவே, இடங்களுக்கும் அதிகார அமைப்புகளுக்கும் பதவிகளுக்கும் பொதுவான பெயர்கள் குறித்து உடன்பாடு ஏற்படவில்லை என்பதையே பத்திரத்தில் ஒரு வாக்கியமாக எழுதி, அதன்கீழ் இருவரும் ஒப்பமிட்டார்கள். உடன்படாததையும் உடன்பட்டு எழுதிய அந்த வாக்கியம் எவ்வளவு கருணையுள்ள வாக்கியம் என்று நான் எண்ணுவதுண்டு. அது இல்லாதிருந்தால் அந்தப் பண்டிகையில் அத்தனை கதவுகள் திறந்திரா. கிழக்கு ஜெர்மன் தபால் ஊழியர்கள் மேற்குப் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்கு வந்து மேஜை போட்டு விண்ணப்பங்களை வாங்கினார்கள். ஜனங்கள் பனியில், விடியுமுன்னிருந்து, வரிசை வரிசையாக நின்றார்கள். புத்தாண்டு கழிந்து ஜனவரி 5 வரையில், சுமார் 7,30,000 பேர், ஒரு நாளைக்கு மட்டும் செல்லுபடியாகும் சீட்டை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 12 லட்சம் தடவை சுவரைக் கடந்தார்கள். காப்பிக்கொட்டையும் ஆரஞ்சுப் பழமும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய், தாயின் சமையலறையில் அமர்ந்து, நள்ளிரவு மணியடிக்குமுன் எழுந்து திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1971 செப்டம்பர் 3-ஆம் தேதி, கிளைஸ்ட் பூங்காவின் அதே மாளிகையில், நான்கு வல்லரசுகளின் பிரதிநிதிகளும் பெர்லினைப் பற்றிய உடன்படிக்கையில் கையொப்பமிட்டு, வழியுரிமையை ஒருவாறு எழுத்தில் கொண்டுவந்தார்கள். முழு நகரத்தையா, மேற்குப் பகுதியை மட்டுமா என்று ஒத்துப்போகாமையால், முகவுரையில் ‘சம்பந்தப்பட்ட பிரதேசம்’ என்று மட்டும் எழுதினார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ரஷ்ய மொழியிலும் இருந்த அதை ஜெர்மனில் பெயர்த்தபோது, மேற்கு பெர்லினுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் இருப்பது ‘பிணைப்பு’ என்று ஒரு தரப்பும் ‘தொடர்பு’ என்று மறு தரப்பும் மொழிபெயர்த்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதிட்டன. அதே நகரத்தின் ஸ்பாண்டௌ சிறையிலோ, நாஜி கைதிகளில் மிஞ்சிய ஒருவரை, நூற்றுக்கணக்கானவர்களுக்கென்று கட்டிய அந்தக் கட்டடத்தில், நான்கு சேனைகளும் மாதம் ஒருவராக முறைமாறி, 1987-இல் அவர் இறக்கும்வரை காவல் காத்தன.

1989 நவம்பர் 9-ஆம் தேதி மாலை, கிழக்கு ஜெர்மன் ஆளுங்கட்சியின் பேச்சாளராயிருந்த குன்டர் ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளர் கூட்டத்தின் முடிவில், தம் காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவிப் படித்தார். வெளிநாடு செல்ல விரும்புவோர் காரணம் கூறாமலே அனுமதி கேட்கலாம், விரைவில் வழங்கப்படும் என்று அதில் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் வெளியிடவேண்டிய அறிவிப்பு அது; எழுதப்பட்டபோது அவர் உடனில்லை. எப்போதிருந்து என்று ஒரு நிருபர் கேட்க, தாளைப் புரட்டிப் பார்த்து, தமக்குத் தெரிந்தவரையில் உடனே, தாமதமின்றி, என்றார். விண்ணப்பம், அனுமதி, முத்திரை என்ற ஒழுங்கையே அந்தத் தாள் கூறியது. ஆனால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்ட ஜனங்கள், சுவர் திறந்துவிட்டது என்றே கேட்டார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு, கூட்டத்தில் மிகவும் இரைகிறவர்களை வெளியே விட்டு, திரும்பி வரமுடியாதபடி அவர்களுடைய அடையாள அட்டையில் புகைப்படத்தின்மேலேயே முத்திரையைக் குத்திவிடுங்கள் என்பது. அவ்வாறு குத்தப்பட்ட இளம் தம்பதிகள் இருவர், மேற்கைச் சற்றுப் பார்த்துவிட்டு, வீட்டில் உறங்கும் குழந்தைகளிடம் திரும்ப வந்து நின்றார்கள். தடுக்கவேண்டிய காவல் அதிகாரி அவர்களை உள்ளே விட்டார். இரவு பதினொன்றரை மணிவாக்கில், எவருடைய உத்தரவும் இல்லாமல், வாசல் முழுவதையும் திறந்துவிட்டார். அன்று ஷபோவ்ஸ்கி கையிலிருந்த தாள் இப்போது பான் நகரத்து அருங்காட்சியகத்தின் உடைமை.

மற்றவை ஒப்பங்களின் வரிசை. 1990 செப்டம்பர் 12-ஆம் தேதி மாஸ்கோவில் நான்கு வல்லரசுகளும் தம் உரிமைகளைத் துறந்து எழுதிக்கொடுத்தன. கிழக்கு ஜெர்மனி அம்மாதமே வார்சா அணியிலிருந்து விலகிற்று. 1991 ஜூலை 1-ஆம் தேதி பிராக் நகரில் அந்த அணியே கலைந்தது. 1994 ஆகஸ்ட் 31-ஆம் தேதி கடைசி ரஷ்யச் சேனை பெர்லினிலிருந்து விடைபெற, சில நாளில் மேற்குச் சேனைகளும் போயின.

ஆனால் காகிதம் தீரவில்லை. ஆட்சி கவிழ்ந்த அந்த 1989 இலையுதிர்காலத்தில், கிழக்கு ஜெர்மன் இரகசியப் போலீஸார் தம் பிரஜைகளைப் பற்றி எழுதிக் குவித்த தஸ்தாவேஜுகளை அழிக்க முற்பட்டார்கள். இயந்திரங்கள் பழுதாகவே, கையால் கிழித்துச் சாக்குகளில் கட்டினார்கள். எரிப்பதற்குள் ஜனங்கள் அலுவலகங்களுக்குள் புகுந்துவிட்டார்கள். ஏறத்தாழ 16,000 சாக்குகள் மிஞ்சின. 1995 முதல், நியூரம்பர்க் அருகே ஸிர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில், அரசாங்க ஊழியர் சிலர் அந்தச் சாக்குகளைப் பிரித்து மேஜைமேல் பரப்பி, தாளின் நிறத்தைக்கொண்டும் எழுத்தின் சாய்வைக்கொண்டும் கிழிசலின் விளிம்பைக்கொண்டும் துண்டோடு துண்டைப் பொருத்தி ஒட்டும் வேலையில் அமர்ந்தார்கள். பதினைந்து லட்சம் பக்கத்துக்கு மேல் அவ்வாறு கூடியிருக்கிறது. பக்கம் முழுமையானதும் அதில் பெயர் கண்டவர் வந்து கேட்டால் காட்டுகிறார்கள். அவரும் ஒரு மேஜையின் முன் அமர்ந்து, தம் கடிதங்களைப் பிரித்துப் படித்தவர் யார், தம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துப் போனபின் அறிக்கை எழுதிக் கொடுத்தவர் யார் என்பதை, ஒட்டுத்தாளின் பளபளப்பினூடே, ஒவ்வொரு வரியாக வாசிக்கிறார்.